எல்லாச் சீட்டும் ஒரே நீளம்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லிக் கேட்டால் அதற்கும் கோபம் வரும். பாசிர் கூடாங்கில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன். செய்து முடித்த சாமான்களில் குறை கண்டுபிடிக்கும் வேலை. அந்தப் பிரிவையே மூடி எங்களை அனுப்பியபோது, குறை கண்டுபிடிக்க வீட்டில் மிச்சமிருந்தது என் கணவர் ஒருவர்தான். அவரோ விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார். பிழைத்தார்.

சும்மா இருக்க முடியவில்லை. மாசாயில் எங்கள் வீட்டைச் சுற்றி எங்கே திரும்பினாலும் தொழிற்சாலை ஆட்கள்தான். அவர்களுக்கு மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. சிக்கல் ஒன்றே ஒன்று, எனக்குச் சமையல் வராது. நான் வைக்கும் ரசத்தை என் கணவர் மருந்து குடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார். ஆனால் அவருக்கு ஓர் அக்கா இருந்தார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ரெங்கத்தில் தனியாக இருந்தார். ரப்பர்த் தோட்டத்துக் கல்யாணங்களில் ஐந்நூறு பேருக்கு, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் கணக்காகச் சமைத்துப் போட்டவர். கூப்பிட்டேன். இரண்டு பைகளோடும் தன் சொந்தக் கரண்டியோடும் பஸ் ஏறி வந்துவிட்டார்.

வந்த முதல் வெள்ளிக்கிழமையே கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பெண்கள் உட்கார்ந்து பாடும் வரிசையில் மடியில் பாட்டுப் புத்தகத்தை விரித்து, பக்கம் புரட்டிப் புரட்டிப் பாடினார். என்ன குரல்! நான்தான் எத்தனாம் பக்கம் என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை ஒன்றில் ஆட்களின் சாப்பாட்டைக் கவனிக்கும் மலாய் அம்மா ஒருவரை எனக்குப் பழைய வேலையிலிருந்து தெரியும். காக் என்று கூப்பிடுவேன், அக்கா என்பதுபோல. அவர் எங்கள் குழம்பை ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, “சூபா டூலு லா” என்றார். முதலில் இரண்டு வாரம் போட்டுப் பார்ப்போம், சரிப்பட்டால் வருடம் முழுக்க உங்களுக்கே என்றார். தினம் எண்பதுக்கு மேல் பொட்டலம். அங்கே மதிய இடைவேளை அரை மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு வாசலில் சாப்பாடு நிற்க வேண்டும். மாறிப் போன பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வேறு கொடுக்க நேரம் கிடையாது. அதனால் ஒரு குறைகூட வரக் கூடாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குறை கண்டுபிடித்தே வாழ்ந்தவள் ஆயிற்றே.

கருவிகளை நானே தேடிப் பிடித்தேன். புதுசு எதுவும் கிடையாது. மூலையில் கீறல் விழுந்த ஒரு டேப்லட், பின்வரிசையில் இருக்கும் சீனர் கடையில் கிடைத்த பழைய சீட்டுப் பிரிண்டர், வீட்டில் ஏற்கெனவே இருந்த வைஃபை. ஆட்கள் தங்கள் கைபேசியிலேயே காலை எட்டு மணிக்குள் வேண்டியதைத் தட்டிவிடுவார்கள். டேப்லட்டுக்கு வரும், பிரிண்டர் ஆளுக்கொரு சீட்டு துப்பும். ரைஸ் குக்கரையும் பிரிண்டரையும் ஒரே பிளக்கில் மாட்டி, சோதித்துப் பார்த்த அன்றே வீட்டின் மின்சாரத்தைப் போக்கினேன். பிறகு தனித்தனியாக மாட்டினேன். தொடங்கிய அன்று என் கணவர் பிரிண்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அதன் முன்னால் எலுமிச்சம்பழம் நறுக்கினார். நல்ல வேளை, பழத்தைப் பிரிண்டருக்குள் பிழியவில்லை.

சீட்டில் மேலே ஒரு எண் இருக்கும். அதன் கீழே மலாயில், ஆங்கில எழுத்தில், ஆயாம், ஈக்கான், சாயூர் என்று மூன்றில் ஒன்று: கோழி, மீன், காய்கறி. எதுவானாலும் கூடவே ஓர் அவித்த முட்டை உண்டு. அதற்கும் கீழே, யாராவது தனியாக ஏதாவது கேட்டிருந்தால் அது. நான் சோற்றை அளந்து வைப்பேன். அண்ணி சீட்டைப் பார்த்துக் கறி வைத்து, கட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அந்தச் சீட்டையே மேலே ஒட்டுவார். நான் காரில் ஏற்றிக்கொண்டு போவேன். முதல் இரண்டு நாள் எல்லாம் அழகாக ஓடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் முதல் குறை வந்தது. புரட்டாசி மாதம். அங்கே வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பெண் காய்கறிச் சோறு கேட்டு, முட்டை வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தார். பொட்டலத்தைப் பிரித்தால் நடுவில் முழுசாக ஓர் அவித்த முட்டை. அந்தப் பெண் மதியம் பூராவும் பட்டினி. வெள்ளிக்கிழமை இரண்டாவது. பிள்ளைத்தாய்ச்சி ஒருவர் காரம் குறைத்துக் கேட்டிருந்தார். அவருக்குப் போனதோ காரத்தோடு காரமாக இரண்டு கரண்டி குழம்பு கூடுதல். காக் போனில் கத்தவில்லை. அமைதியாகப் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் அடுத்த வாரம் வர வேண்டாம் என்றார்.

நான் முதலில் பிரிண்டரைத் திட்டினேன். எடுத்துப் பார்த்தால் சீட்டில் தெளிவாகவே அச்சாகியிருந்தது. பிறகு வாயை அடக்க முடியவில்லை.

“ஏன் அண்ணி, இவ்ளோ பெருசா போட்டிருக்கு, கண்ணு தெரியலயா?”

கேட்டுவிட்டேன். இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. அண்ணி சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கையைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“என்னைய ரெங்கத்துல கொண்டுபோய் வுட்டுரும்மா. எனக்கு இது சரிப்படாது.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணி போனால் கடை ஏது? என் ரசத்தையா ஊற்றி அனுப்புவேன்? கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

“கோவத்துல சொல்லிட்டேன் அண்ணி, மன்னிச்சிருங்க. என்னா கஷ்டம்னு சொல்லுங்க, மாத்திருவோம்.”

“எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கும்மா. மலாய் வேற.”

அட, இவ்வளவுதானா! தலையில் அடித்துக்கொண்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு மலாயில் சீட்டுக் கொடுத்தால் எப்படி? வாரம் தவறாமல் புத்தகம் பார்த்துப் பாடுகிறவர். தமிழில் அடித்துக் கொடுத்தால் முடிந்தது கதை. பிரச்சினை எதுவென்று கண்டுபிடித்துவிட்ட நிம்மதியில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை சாப்பாட்டை நானே கூட நின்று சரிபார்த்து அனுப்பிவிட்டு, பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு சீனர் கடைக்குப் போனேன். தமிழில் ஒரு வரி அனுப்பினால் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தது. கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

“தமிழ் தா போலே லா, ஆன்ட்டி. இதுல முடியாது.” பிறகு பிரிண்டர் நெற்றியில் இருந்த குங்குமத்தைக் காட்டி, இது என்ன, ரிப்பேர் ஆன அடையாளமா என்று மலாயில் கேட்டார்.

முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு வெறி பிடித்துவிடும். ஞாயிறு காலையில் உட்கார்ந்தவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுத்தாக அனுப்பினால்தானே கட்டம் வருகிறது? எழுத்தையே ஒரு படமாக மாற்றி அனுப்பினால்? அதற்கு ஒரு வழி தேடிப் பிடித்து, பத்து தடவை கோணலாக வந்து, காகிதம் சிக்கி, அதை இழுத்து எடுத்து… என் கணவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்னா, குங்குமம் வெச்சும் தமிழ் வரலயா?”

“பேசாம போயிருங்க, சொல்லிட்டேன்.”

“போறேன் லா. பிரிண்டரப் பாத்தா பாவமா இருக்கு, அதான் கேட்டேன்.”

மாலையில் வந்தது. ‘மீன் சோறு. காரம் குறைவு.’ மொத்து மொத்தென்று கறுப்பாக, பாட்டுப் புத்தகத்து எழுத்தைவிடப் பெரிதாக. சமையலறைக்குத் தமிழ்ச் சீட்டு, பொட்டலத்தின் மேலே ஒட்ட எண் மட்டும் போட்ட சின்னச் சீட்டு என்று பிரித்துவிட்டேன். இன்னொரு அழகும் இருந்தது. படமாக வருவதால் எல்லாச் சீட்டும் ஒரே அளவு. முன்பெல்லாம் எழுதியிருப்பதைப் பொறுத்துக் குட்டையும் நெட்டையுமாக வரும். இப்போது அச்சு வார்த்ததுபோல ஒரே நீளம். தரம் பார்த்தே பழகிய கண்ணுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஓடிப்போய் அண்ணியிடம் கொடுத்தேன். வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அழகா இருக்கும்மா.”

அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எண்பத்து நான்கு சீட்டு. எல்லாவற்றையும் அடித்து, மேஜைக்கு மேலே கயிற்றில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினேன். பொட்டலம் கட்டும் காகிதம் பாதிப் பொட்டலங்களுக்குத்தான் மிச்சமிருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி பத்தரை. வழக்கமாக அந்நேரத்துக்குப் பாதி கட்டி முடிந்திருக்கும். மேஜையில் ஒரு பொட்டலம்கூட இல்லை. அளந்து வைத்த சோறு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அண்ணி கயிற்றைப் பார்த்தபடி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

“என்னா அண்ணி? ஏன் இன்னும் கட்டல?”

“எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா.”

“ஒரே மாதிரியா? எழுதியிருக்கே, பாருங்க, கோழி, மீன்…”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. தமிழும் தெரியாது, மலாயும் தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும்.”

அலமாக்! அந்த நிமிடம் என் உடம்பெல்லாம் கூசியது. கண் தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறேன். ஒரு வாரமாக நான் வைத்த பரீட்சை எல்லாம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் மணி பத்தரை. பன்னிரண்டுக்கு வாசலில் நிற்க வேண்டும். இன்று ஒன்று மாறினாலும் எல்லாம் போச்சு.

“அண்ணி, நான் வாசிக்கிறேன். நீங்க கட்டுங்க.”

“திட்ட மாட்டியே?”

“யாரு, நானா? வாசிக்கவே நேரம் பத்தாது அண்ணி.”

ஒன்றாம் நம்பரிலிருந்து தொடங்கினேன். “ஒண்ணு, கோழி. ரெண்டு, மீனு, காரம் கம்மி. மூணு, காய்கறி, முட்டை வேணாம்.” சும்மா சொல்லக் கூடாது, அண்ணியின் கை அப்படிப் பறந்தது. நான் ஒரு சீட்டை வாசித்து முடிப்பதற்குள் அடுத்ததுக்குக் காத்திருந்தார். நடுவில் அவரே என்னைத் திருத்தினார். “இருபது மீனுன்னு அப்பவே சொல்லிட்ட, இது இருபத்தொண்ணு இல்லையா?” ஐந்நூறு பேருக்குக் காகிதம் இல்லாமல் சமைத்தவர் காதிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொள்வார் என்பது எனக்கு ஏன் முன்பே உறைக்கவில்லை? பதினொன்றே முக்காலுக்கு நான் தொழிற்சாலை வாசலில் இருந்தேன். ஒரு மணி வரை போனையே பார்த்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு குறையும் வரவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பிற்பகல் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் வாரம் எப்படித்தான் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மொத எழுத்து கூடாரம் மாதிரி நின்னா கோழி. ஒத்தக் குச்சி நின்னா மீனு. பாம்பு நெளிஞ்சா காய்கறி. நீ மொத நாளு ஒவ்வொண்ணா காட்டி சொன்னியே, அப்பவே புடிச்சிக்கிட்டேன்.”

“அப்ப கீழ எழுதுனது?”

“சீட்டு நீளமா இருந்தா ஏதோ கேட்டிருக்காங்கன்னு தெரியும். என்னா கேட்டிருக்காங்கன்னு தெரியாது. சரி, கேட்டவங்களுக்கு எதுவும் குறையக் கூடாதுன்னு கொழம்பு ரெண்டு கரண்டி கூட ஊத்திருவேன்.”

பிள்ளைத்தாய்ச்சிக்குப் போன அந்த இரண்டு கரண்டி குழம்பின் கதை இதுதான். யோசித்துப் பார்த்தேன். ஏ, ஐ, எஸ் என்ற மூன்று எழுத்தையும் சீட்டின் நீளத்தையும் வைத்தே இந்த மனுஷி ஒரு வாரம் கடையை ஓட்டியிருக்கிறார். நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று இரண்டையும் பிடுங்கிவிட்டேன். தமிழர் என்றால் தமிழாவது படிப்பார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஏழு வயதில் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாராம். பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தான் ரப்பர் மரம் சீவும் பால்காட்டுக்குப் போவார்களாம், உள்ளே போனதில்லையாம். கோயில் புத்தகம்? பாட்டெல்லாம் காதால் கேட்டு மனப்பாடம். பக்கத்தில் இருப்பவர் பக்கம் புரட்டினால் இவரும் புரட்டுவார்.

அந்தத் தம்பிதான் என் கணவர். மாலையில் வேலை முடிந்து வந்தவரிடம் அண்ணியே சொன்னார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

“தெனமும் என் நோட்ட வாங்கிப் பாப்பியே அக்கா. தப்பு இருந்தா அடிப்பியே.”

“உன் மூஞ்சப் பாத்தா தெரியாதா, தப்பு இருக்கா இல்லையான்னு?”

அவர் அப்புறம்தான் ஹெல்மெட்டைக் கழற்றினார். முகத்தைக் கழுவப் போனவர் வர வெகுநேரம் ஆனது.

சரி, தினமும் பக்கத்தில் நின்று வாசித்துக்கொண்டிருந்தால் காய் நறுக்குவது யார்? கைபேசியே தமிழ் எழுத்தை வாசித்துக் காட்டும் என்று தெரிந்தது. போட்டுக் காட்டினேன். “மீன் சோறு. காரம் குறைவு” என்று ஒரு பெண்குரல் விறைப்பாகச் சொன்னது. அண்ணி முகத்தைச் சுளித்தார்.

“யாரும்மா இவ, சாவு சேதி சொல்ற மாதிரி சொல்றா? நீயே சொல்லு.”

அதனால் நானே சொன்னேன். எட்டரை மணிக்கு உட்கார்ந்து சீட்டுக்கு ஒன்றாக எல்லாவற்றையும் குரலில் பதிவு செய்வேன். பழைய ஸ்பீக்கர் ஒன்றை எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி மேஜைக்கு மேலே ஆணியில் மாட்டினோம். பெரிய பித்தான் ஒன்று. முழங்கையால் தட்டினால் அடுத்த பொட்டலம். பித்தான் மட்டும்தான் புதிதாக வாங்கியது. காரம் குறைத்ததற்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், முட்டை இல்லாததற்குப் பச்சை என்று அண்ணியே ஒரு வழி சொன்னார். பிரிண்டருக்கு எண் அடிக்கும் வேலை மட்டும். இதுவரை மக்கர் செய்ததில்லை. எழுத்துக் கற்றுத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். “எதுக்கு? அதான் உன் வாயி இருக்கே” என்றார் அண்ணி. இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த வாயால் ஒரு பிரயோஜனம் உண்டாகிவிட்டது என்று என் கணவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வாரம் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை மாலை காக்கிடமிருந்து ஒரே சொல்லில் செய்தி வந்தது: தெருஸ்கான். தொடருங்கள். அண்ணி அப்போது கடைக்குப் போயிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று வாசல் வரை போய்த் திரும்பினேன். திங்கட்கிழமை காலை, எல்லாச் சீட்டுகளுக்கும் பிறகு கடைசியாக அதையும் பதிவு செய்தேன். பதினொன்றரைக்கு அண்ணி முழங்கையால் தட்டியபோது ஸ்பீக்கரில் என் குரல் வந்தது. “அண்ணி, வருஷம் பூராவும் நமக்கே குடுத்துட்டாங்க. ரெங்கத்துக்கெல்லாம் போக முடியாது, சொல்லிட்டேன்.” அவர் மறுபடியும் தட்டினார். அது முதல் பொட்டலத்துக்குப் போய்விட்டது. “என்னம்மா இது, அத திரும்பப் போடு” என்று என்னைக் கூப்பிட்டார். நான்கு தடவை போட்டேன். காரில் ஏற்ற வேண்டிய பொட்டலம் எல்லாம் காத்துக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வழக்கம்போல ஓர் அம்மா வரிசையில் புத்தகம் கொடுத்துக்கொண்டே வந்தார். அண்ணியிடம் நீட்டினார்.

“எனக்கு வேணாம்மா. படிக்கத் தெரியாது. சும்மாவே பாடுவேன்” என்றார் அண்ணி. பக்கத்து வரிசைக்கும் கேட்கும் குரலில்தான் சொன்னார்.

அந்த அம்மா, “அப்படியா, சரிங்க” என்று சொல்லிவிட்டு புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முன்னால் இருந்தவர் அடுத்த பாட்டு எத்தனாம் பக்கம் என்று அறிவித்தார். நான் அவசர அவசரமாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஏற்கெனவே பாடத் தொடங்கியிருந்தார்.